‘முனை கிடைத்தது’ என்று எழுதியிருந்த பக்கம்

1. மஞ்சள் முனை

அன்றைக்குத் திங்கட்கிழமை. காலை ஒன்பதரை இருக்கும். மெஷினில் ஊசி மழுங்கிப்போய் நூலைக் கடித்துக் கடித்துத் துப்பியது. சரி, மாற்றுவோம் என்று ஊசி நோட்டை எடுத்தேன். மழுங்கினாலும் உடைந்தாலும் பழைய ஊசியை நோட்டில் செல்லோ டேப் போட்டு ஒட்டி, தேதி எழுதி, அதற்குப் பிறகுதான் புது ஊசி போடுவேன். கம்பெனியில் பழகிய பழக்கம். வீட்டுக்கு வந்தும் விடவில்லை.

கடைசிப் பக்கத்தில் போன வாரம் உடைந்த ஊசி இருந்தது. மேல் துண்டு ஒன்று, அதற்குக் கீழே முனை ஒன்று. பக்கத்தில் ஜெயாவின் கையெழுத்து: ‘முனை கிடைத்தது.’ ஆனால் மேல் துண்டு வெள்ளை நிறம். முனை மஞ்சள் நிறம்.

எங்களிடம் ரெண்டு வகை ஊசி உண்டு. சேலை, வேட்டி தைக்க வெள்ளை ஊசி. பழைய ஜீன்ஸை வெட்டிப் பை தைக்கும்போது மட்டும் மஞ்சள் பூச்சு போட்ட ஊசி. பாதி வெள்ளை, பாதி மஞ்சளாக ஒரே ஊசி எந்த உலகத்தில் இருக்கும்? தேதியைப் பார்த்தேன். பட்டாளத்து அண்ணாச்சி வீட்டு மெத்தை தைத்த நாள். 

அது பச்சைப் பிள்ளைக்குத் தைத்த மெத்தை. அந்த வெள்ளை ஊசியின் நிஜ முனை, ஒரு அரிசி நீளம், எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செட்டியார்பட்டியில் ஒரு நைட்டி கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்து, பிறகு செக்கராகி, முட்டி தேய்ந்ததும் வேலையை விட்டேன். சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். வீட்டில் கிடந்த பழந்துணியை எடுத்து வைத்து என்னத்தையாவது தைத்துக்கொண்டே இருந்தேன். வேட்டி திரைச்சீலையாச்சு. கிழிந்த நைட்டி மிதியடியாச்சு. நாளாக ஆகத் தெருவில் எல்லாரும் துணியைக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். கம்பெனியில் என் கூட இருந்த ஜெயாவும் என்னோடு சேர்ந்துகொண்டாள். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழந்துணியில்தான் பிள்ளையைக் கிடத்த வேண்டும். அதனால் எங்களிடம் அதிகமாக வந்ததே பிள்ளை மெத்தைக்குத்தான்.

பட்டாளத்து அண்ணாச்சி ஶ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ராணுவத்தில் இருந்து வந்தவர். அவர் மனைவி போன வருஷம் தவறிவிட்டார். அந்த அம்மாவின் மூன்று சுங்குடிச் சேலையை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து, “எம் மக பெத்திருக்கா தங்கச்சி. ஆச்சி சேலைல பிள்ள படுக்கணும். திங்கக்கிழம பத்தரைக்குத் தொட்டில்ல போடுறோம். அதுக்கு முந்தித் தந்துருங்க” என்றார்.

வியாழக்கிழமையே கொடுத்துவிட்டோம். இப்போது திங்கட்கிழமை, ஒன்பதே முக்கால்.

2. ஜெயா சொன்ன பதில்

ஜெயா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நோட்டை நீட்டினேன்.

“ஏட்டி, இது எந்த ஊசியோட முனை?”

அவள் பார்த்தாள். முகம் செத்துப்போனது. பொய் சொல்ல வராது அவளுக்கு.

“ஜீன்ஸ் ஊசில இருந்து எடுத்து ஒட்டுனேங்க்கா. எம்புட்டோ தேடினேன். கீழ தேடினேன், மெஷினுக்குள்ள தேடினேன், கிடைக்கல. அன்னைக்கே அண்ணாச்சி வாரேன்னு சொல்லிருந்தாரு.”

“அதுக்குன்னு? பிள்ள படுக்குற துணிட்டி அது! புத்தி எங்க போச்சு உனக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது?”

நான் கத்தின கத்தலில் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். ஜெயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்:

“நீங்கதானக்கா அன்னைக்குச் சொல்லிக் கொடுத்தீக. முனைக்கு என்ன பேரா எழுதியிருக்குன்னு.”



3. கம்பெனியில் நடந்தது

அவள் சொன்னது நிஜம். இதை எழுதத்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

உள்ளூர் நைட்டிதான் நாங்கள் எப்போதும் தைப்பது. ஒரு வருஷம் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று, சின்னப் பிள்ளைகள் நைட்டி, ஜாப் வொர்க்காக வந்தது. கூடவே சட்டமும் வந்தது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி நோட்டில் ஒட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தப் பண்டில் வெளியே போகாது. செக்கர் கையெழுத்துப் போட வேண்டும். செக்கர் நான்.

ஜெயா அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். லோடு ஆட்டோ வாசலில் நிற்கிறது. அவள் மெஷினில் ஊசி உடைந்தது. முனை கிடைக்கவில்லை. மேனேஜர் வந்து நின்றார்.

“என்னம்மா வேடிக்கை? ஆட்டோக்காரன் கிளம்பிட்டான்னா இன்னைக்கு ஷிப்மென்ட் காலி. முனைய எடு, இல்ல நாளைலருந்து வராத.”

அந்தப் பிள்ளை தரையில் தவழ்ந்து தேடியது. பார்க்கப் பாவமாக இருந்தது. நான் டப்பாவில் கிடந்த ஒரு மழுங்கல் ஊசியை எடுத்து, குறட்டால் முனையை ஒடித்து, நோட்டில் ஒட்டிவிட்டேன். “அழாதட்டி. முனைக்கு என்ன பேரா எழுதியிருக்கு?” என்று அவள் காதில் சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். பண்டில் ஏறிவிட்டது.

நான் மட்டும் செய்யவில்லை. லைனில் பழைய ஆட்கள் எல்லாருக்கும் இந்த வித்தை தெரியும். ஒரு முனை எப்போதும் பிளவுசில் குத்தி வைத்திருப்பார்கள். ‘அங்க ஆர்டர் கொடுத்த பெரிய கம்பெனில மெட்டல் டிடெக்டர் வச்சிருப்பாக, அது பாத்துக்கிடும்’ என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வோம். வச்சிருந்தார்களா என்று எவரும் போய்ப் பார்த்ததில்லை. சாயங்காலம் ஜெயா எனக்கு வடை வாங்கிக் கொடுத்தாள். நானும் புண்ணியம் செய்தவள் மாதிரி வாங்கித் தின்றேன்.

4. இரண்டு பஸ்

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எடுக்காமல் இருந்தால் தேவலை என்று கூட ஒரு நிமிஷம் தோன்றியது. எடுத்தால் என்ன சொல்ல? ‘அண்ணாச்சி, பிள்ளைய அதுல போட்டுறாதீக, ஊசி இருக்கு’ என்று எந்த வாயால் சொல்ல?

காந்தத்தை எடுத்துப் பைக்குள் போட்டேன். வீணாய்ப்போன டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கரில் இருந்து கழற்றினது. ஜீன்ஸ் துணியில் உறை தைத்து, கைப்பிடி வைத்து, கீழே சிதறும் குண்டூசி பொறுக்க வைத்திருந்தேன். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டிப் பெருமை அடித்த சாமான். அன்றைக்கு அது கல்லாய்க் கனத்தது.

ஜெயா “நானும் வாரேங்க்கா” என்றாள். “நீ இங்க இரு. மெஷினத் தொறந்து, துணிய நகத்துற பல்லுக்குள்ள, பாபின் கேஸ்ல, தரையில எல்லாம் தேடு. கிடைச்சா உடனே போன் பண்ணு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

லேடீஸ் ஓசி பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. முதலில் வந்த மினி பஸ்ஸில் ஏறி ராஜபாளையம், அங்கிருந்து ஶ்ரீவில்லிபுத்தூர். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. நின்றால் சீக்கிரம் போய்ச் சேரும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. பஸ் போகிற வழியெல்லாம் மனசு கண்டதையும் நினைத்தது. அந்த ஊசி நேராகக் குத்தாது. பஞ்சு மாதிரித் துணிக்குள் படுத்துக் கிடக்கும். பிள்ளை காலை உதைக்க உதைக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. அழும். பசிக்கு அழுகிறது என்று பால் கொடுப்பார்கள், மறுபடி அதே மெத்தையில் போடுவார்கள்.

‘ஊசி போற இடத்தப் பாப்பாக, உலக்க போற இடத்தப் பாக்க மாட்டாக’ என்று கஞ்சப்பயல்களைக் கேலி பண்ணுவோம். எனக்கு அன்றைக்கு ஊசி போன இடம் ஒன்று தெரிந்தால் போதும், உலகமே போனாலும் போகட்டும் என்றிருந்தது.

ஜெயாவிடம் இருந்து போன் வந்தது.  “மெஷின்ல இல்லக்கா.” அவ்வளவுதான் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்து, செண்பகத்தோப்பு போகிற ரோட்டில் அவர் தெருவுக்குள் திரும்பும்போது மணி பத்தே முக்கால் தாண்டிவிட்டது. வீட்டு வாசலில் ஏழெட்டுச் செருப்பு கிடந்தது. உள்ளே பிள்ளை வீறிட்டு அழுகிற சத்தம்.



5. தொட்டில்

கூடத்தில் நாலைந்து பெண்கள், பிள்ளை நாக்கில் தொட்டு வைக்கிற சர்க்கரைத் தண்ணி டம்ளரோடு நின்றார்கள். நடுவில் மரத்தொட்டில். அண்ணாச்சி குனிந்து ஆட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாங்க தங்கச்சி! நீங்களே வந்துட்டீக! இந்தா பாருங்க, உங்க மெத்தைலதான் படுத்திருக்கான். போட்டதுலருந்து ஒரே அழுக!”

“பிள்ளையத் தூக்குங்க” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் அவர் மகள் கவிதா பக்கம் திரும்பினேன். “தூக்கும்மா. முதல்ல தூக்கு. பொறவு சொல்லுதேன்.”

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தே பயந்துவிட்டாள். பிள்ளையை வாரித் தோளில் போட்டாள். நான் எல்லாரும் கேட்கவே சொல்லிவிட்டேன். தைக்கும்போது ஊசி உடைந்ததை, முனை கிடைக்காததை, கிடைத்ததாக எழுதியதை. ஜெயா பெயரைச் சொல்லவில்லை. “எங்க கைல தப்பு” என்றேன்.

 கவிதா பிள்ளையின் சட்டையைக் கழற்றினாள். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இடது கையில், தோளுக்குக் கீழே, சிவப்பாக ஒரு புள்ளி, சுற்றிலும் தடிப்பு.  தொட்டில் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“அது ஆஸ்பத்திரில போட்ட தடுப்பூசி அத்தை” என்றாள் கவிதா.  முதுகு, தொடை, பிட்டம், கழுத்து மடிப்பு என்று ஒவ்வோர் இடமாகத் தடவிப் பார்த்தோம். வேறு ஒன்றுமில்லை.

மெத்தையைத் தொட்டிலில் வைத்தே காந்தத்தால் தடவினேன். தலைமாட்டுப் பக்கம் போனதும் டக்கென்று இழுத்து ஒட்டிக்கொண்டது. யாரோ ‘அய்யோ’ என்றார்கள்.  மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பாக்குவெட்டி! பிள்ளைக்குக் காத்துக்கருப்பு அண்டாமல் இருக்க இரும்பு வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

மெத்தையை எடுத்துப் பாயில் விரித்தேன். அரை ஜாண் அரை ஜாணாகத் தடவினேன். ஒரு பக்கம் முடித்தேன், ஒன்றும் இல்லை. திருப்பிப் போட்டேன். ‘தெருவில் விழுந்திருக்கும், குப்பையோடு போயிருக்கும், கடவுளே அப்படியே இருக்கட்டும்’ என்று வேண்டிக்கொண்டே தடவினேன். நடுத்தையலுக்குப் பக்கத்தில் வந்ததும், சேலைத்துணி காந்தத்தோடு சேர்ந்து துளியூண்டு எழும்பியது. காந்தத்தை எடுத்தேன், துணி அமர்ந்தது. மறுபடி வைத்தேன், எழும்பியது.

பிள்ளையின் முதுகு படுகிற இடம்.

“பிரிக்கணும் அண்ணாச்சி” என்றேன். அவர் அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி கட்டின சேலை. “பிரிங்க” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு விரல் நீளம் தையலைப் பிரித்தேன். ரெண்டாவது மடிப்புக்குள், நூலோடு ஒட்டிக்கொண்டு, வெள்ளையாக ஒரு அரிசி. என் உள்ளங்கையில் வைத்ததும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். இவ்வளவுதானா என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம்மா, இவ்வளவுதான்.

பால் குடித்ததும் பிள்ளை தூங்கிவிட்டான். பசி அழுகைதான் அது. நான் சுவரோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வந்த பெண்கள் மெல்லக் கலைந்து போனார்கள். நாளைக்கு ஊரெல்லாம் தெரியும் என்று தெரிந்தது. தெரியட்டும் என்றிருந்தது.

6. கவிதா கேட்டது

“இங்கயே உக்காந்து கைல தச்சுக் குடுத்துட்டுப் போங்க” என்றார் அண்ணாச்சி. காபி வந்தது. அதையும் அவரே ஆற்றிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிரித்த இடத்தைக் கைத்தையலில் மூடிக்கொண்டே, கேட்காமலேயே கம்பெனிக் கதையையும் சொன்னேன். வேறு ஊசியின் முனையை ஒடித்து ஒட்டின வித்தை, நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்பது, எல்லாம்.

அவர் தொடையில் தட்டினார். “அட, இதத்தான நாங்களும் செஞ்சோம்! ரேஞ்சுல சுடப் போனா, சுட்ட குண்டோட காலி கேஸ எண்ணித் திருப்பிக் கொடுக்கணும் தங்கச்சி. ஒண்ணு கொறஞ்சா அம்புட்டுப் பேரும் புல்லுக்குள்ள மண்டி போட்டுத் தேடணும். அதனால பழைய கேஸ் ரெண்டு எப்பவும் பாக்கெட்டுல கெடக்கும். கொறஞ்சாப் போட்டுருவோம். எல்லாரும் செய்றதுதான், மனச விட்டுறாதீக.”

எனக்குப் பாரம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. கவிதா அதுவரைக்கும் பேசாமல் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“காலி கேஸ் யாரையும் குத்தாதுப்பா” என்றாள்.

 அவள் என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை.

“அத்தை, அன்னைக்குக் கம்பெனில தொலைஞ்ச முனை பொறவு கிடைச்சுச்சா?”

“இல்லம்மா.”

“அது சின்னப் பிள்ளைக நைட்டின்னுதான சொன்னீக?”

“ஆமா.”

 நான் தைத்து முடித்துக் கொடுத்ததும் மெத்தையை வாங்கி, உள்ளங்கையால் ரெண்டு பக்கமும் அழுத்தி அழுத்தித் தடவினாள். பிறகு மடித்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். பிள்ளையை அவள் கட்டியிருந்த சேலையின் முந்தானையிலேயே கிடத்தினாள். நான் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரைக்கும் அண்ணாச்சிதான் வந்தார்.

7. இப்போது

வீட்டுக்கு வந்ததும் ஜெயாவிடம், “ஒம்மேல தப்பில்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா முதல் தப்பு என்னோடது” என்றேன். அந்த மஞ்சள் முனையை எடுக்காமல், அதற்குப் பக்கத்திலேயே வெள்ளை முனையையும் ஒட்டினோம்.

இப்போது எங்கள் வீட்டில் முறை இதுதான். ஊசி உடைந்தால் மெஷின் நிற்கும். தைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே ஒரு தாம்பாளத்துக்குப் போகும். முனை கிடைக்கும் வரைக்கும் அந்தத் துணி வாசல் தாண்டாது. வருகிற பழந்துணியையும் வெட்டுவதற்கு முன்னால் காந்தத்தால் தடவுவோம். யாரோ மறந்துபோன ஊக்கு, கொக்கி எல்லாம் கிடைக்கும். உடைந்த முனை கிடைக்கவில்லை என்றால் நோட்டில் ‘கிடைக்கவில்லை’ என்றே எழுத வேண்டும். அப்படி எழுதினதற்காக என் வீட்டில் யாரும் யாரையும் திட்டக் கூடாது. திட்டுக்குப் பயந்துதான் அன்றைக்குக் கம்பெனியில் ஜெயா தரையில் தவழ்ந்தாள், நானும் குறட்டால் முனையை ஒடித்தேன். தையல் கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதற்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

முறை சரியாகிவிட்டது. பயம் போகவில்லை. கவிதா கேட்ட கேள்வி எங்கே போனாலும் கூட வருகிறது. அந்தப் பண்டில் எந்த ஊருக்குப் போனது, எந்தப் பிள்ளை போட்டது, ஒன்றும் தெரியாது. என் கையெழுத்து மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எங்கள் தெருவில் சாயங்காலம் சின்னப் பெண்பிள்ளைகள் நைட்டியைப் போட்டுக்கொண்டு ஓடிப் பிடித்து விளையாடும். அதில் ஒன்று நின்று கழுத்தைச் சொறிந்தால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, “ஏட்டி, செத்த இங்க வா” என்று கூப்பிடுவேன். பக்கத்தில் உட்கார வைத்து, கழுத்துப் பட்டியை விரலால் அழுத்தி அழுத்திச் சுற்றிலும் தடவிப் பார்ப்பேன். நான் விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்து, அது கூச்சம் தாங்காமல் சிரிக்கும். முழுச் சுற்றும் தடவி முடிக்கிற வரைக்கும் நான் அதை விடுவதில்லை.